நாளுக்கு எத்தனை மதிப்பெண்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 43. நல்ல வேலை, அன்பான கணவர், நன்றாகப் படிக்கும் மகள். கடன் இல்லை, நோய் இல்லை. இருந்தும் ‘இவ்வளவுதானா?’ என்ற கேள்வி சில ஆண்டுகளாக என்னை விடாமல் தொடர்கிறது. யாரிடமாவது சொன்னால், ‘உனக்கு என்ன குறை?’ என்கிறார்கள். தினமும் தூங்கப்போகும் முன், அன்றைய நாள் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்று ஒரு நோட்டில் பத்துக்கு மதிப்பெண் போட்டு வருகிறேன். ஐந்தைத் தாண்டிய நாட்கள் மிகக் குறைவு. போன ஞாயிற்றுக்கிழமைகூட எங்கும் போகவில்லை, எதுவும் செய்யவில்லை. அப்பாவுக்குக் கை நடுங்குவதால் நான்தான் நகம் வெட்டிவிடுவேன். வெந்நீரில் ஊறவைத்து மெதுவாக வெட்ட வேண்டும், அதில் நேரம் போனதே தெரியவில்லை. அன்றைக்கு நான்கு போட்டேன்.

சின்னச் சின்ன விஷயங்களில் மகிழ்ச்சியைக் காணுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரிதாக எதையும் சாதிக்க முடியாதவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானம்தானே அது?

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் கடிதம் முழுவதும் ‘எனக்கு’, ‘என்னை’ என்றே நகர்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது நின்று இன்னொருவரின் விரல்களைப் பார்க்கிறது. முதுமையில் நகம் தடித்துவிடும், ஊறவைக்காமல் வெட்டினால் பிளந்துபோகும். நடுங்கும் விரலை ஒரு கையால் பற்றிக்கொண்டு, நடுக்கம் சற்று அடங்கும்வரை பொறுத்திருந்து, அடங்கிய அந்த நொடியில் நகவெட்டியை அழுத்த வேண்டும். சதையில் பட்டுவிடுமோ என்ற அச்சம் இருவருக்குமே இருக்கும். இவ்வளவையும் கவனித்துக்கொண்டிருப்பவருக்கு, ‘நான் இப்போது மகிழ்ச்சியாக இருக்கிறேனா?’ என்று கேட்டுக்கொள்ள இடமே இருப்பதில்லை. நேரம் போனதே தெரியவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியொரு பொழுதைச் சொல்வதற்கு முந்தைய வரியில் ‘எதுவும் செய்யவில்லை’ என்று எழுதியதும், இரவில் அந்த நாளுக்கு நான்கு மதிப்பெண் இட்டதும்தான் என்னை உறுத்தின. அந்த ஞாயிற்றுக்கிழமையில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதை அளந்த விதத்தில்தான் குறை இருக்கிறது.

மகிழ்ச்சியை நேராகத் துரத்தினால் அது நழுவிவிடும் என்பதை நம் காலத்துக்கு வெகு முன்பே அனுபவித்து எழுதியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் தத்துவவாதியான ஜான் ஸ்டூவர்ட் மில், 1826-இல், தம் 20-ஆம் வயதில், தாம் பாடுபடும் சமூகச் சீர்திருத்தங்கள் யாவும் இந்தக் கணமே நிறைவேறிவிட்டால் தமக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகுமா என்று கேட்டுக்கொண்டார். உண்டாகாது என்ற பதில்தான் உள்ளிருந்து வந்தது. அதையடுத்து மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பற்ற சோர்வில் கிடந்தார். அவர் மறைந்தபின் 1873-இல் வெளிவந்த தன்வரலாற்றில், அந்தச் சோர்வு தமக்குக் கற்பித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார்: தம் சொந்த மகிழ்ச்சியை விட்டு வேறொன்றின்மீது, பிறர் நலத்தின்மீதோ ஒரு கலையின்மீதோ ஒரு தேடலின்மீதோ, மனத்தை ஊன்றியவர்களே மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், வேறெதையோ நோக்கிப் போகும்போது வழியில் அது கிடைத்துவிடுகிறது. 2003-இல் வெளியான ஓர் உளவியல் சோதனையும் இதற்கு அருகில் வருகிறது. அதில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையைச் சிலருக்குக் கேட்கக் கொடுத்தார்கள். கேட்கும்போது இயன்றவரை மகிழ்ச்சியாக இருக்க முயலுங்கள் என்று அறிவுறுத்தப்பட்டவர்களின் மனநிலை, எந்த அறிவுறுத்தலும் இல்லாமல் கேட்டவர்களின் மனநிலையைவிட மோசமாக இருந்தது. தூக்கம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பவருக்குத் தூக்கம் வராததைப் போன்றதுதான் இது.

ஆகவே அந்த நோட்டில் மதிப்பெண் இடுவதை நிறுத்திவிடுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். இரவில் எழுதுவது பழக்கமாகிவிட்டதென்றால், தாராளமாக எழுதுங்கள். ஆனால் எத்தனை என்று எழுதாமல் என்ன நடந்தது என்று எழுதுங்கள். யாரிடம் பேசினீர்கள், எந்த வேலை எங்கே சிக்கியது, அது எப்படிச் சரியானது, யாருடைய முகத்தில் எதைக் கண்டீர்கள் என்றெல்லாம். ஒரு நாளை எண்ணாக மாற்றும்போது அதில் இருந்த மனிதர்களும் பொருட்களும் காணாமற்போய்விடுகிறார்கள், எஞ்சுவது நம்மைப் பற்றிய தீர்ப்பு மட்டுமே. அதுவும் களைத்துப்போய்ப் படுக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எழுதப்படும் தீர்ப்பு. அந்த நேரத்துக்கு நியாயமான நீதிபதியாக இருக்கும் வலிமை யாருக்கும் இருக்காது.

இனி உங்கள் நோட்டுக்கு வெளியே இருக்கும் பகல்களைப் பற்றி. 2010-இல் இரண்டு ஹார்வர்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் அவர்களுடைய கைப்பேசி வழியாக, எதிர்பாராத வேளைகளில், இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்கப்பட்டது. பதில் வந்த வேளைகளில் ஏறக்குறைய 47 சதவீதத்தில் மனம் கையிலிருந்த செயலில் இல்லை. மனம் அலைந்துகொண்டிருந்தபோது அவர்களுடைய மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. இதில் என்னை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு: இனிமையான எண்ணங்களில் மனம் திரிந்துகொண்டிருந்த வேளைகளில்கூட, செய்யும் செயலிலேயே மனம் இருந்த வேளைகளைவிட அவர்கள் அதிக மகிழ்ச்சியாக இருக்கவில்லை. நாம் ஓய்வாக ஏங்கிக்கொண்டிருக்கும் நேரத்தை இன்பமென்று நினைக்கிறோம், முனைந்து செய்யும் நேரத்தைச் சுமையென்று நினைக்கிறோம். உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியும் அவருடைய சக ஆய்வாளரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த முரண் அப்படியே தெரிகிறது. வேலைக்குப் போகும் 78 பேர் ஒரு வாரம் பேஜரை, அதாவது ஒலி எழுப்பி அழைக்கும் சிறு கருவியை, உடன் வைத்திருந்தார்கள். அது ஒலிக்கும்போதெல்லாம் அப்போதைய நிலையைக் குறித்தார்கள். தங்கள் திறனை முழுதாகக் கோரும் ஒன்றில் ஆழ்ந்திருந்த வேளைகள் ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் மிக அதிகமாக இருந்தன. ஆனாலும் வேலையில் இருக்கும்போது, வேறெதையாவது செய்துகொண்டிருக்கலாமே என்ற எண்ணம்தான் அவர்களிடம் மிகுந்திருந்தது. உங்கள் அலுவலக நாட்களிலும் அப்படிப்பட்ட வேளைகள் இருக்கும் என்றே நம்புகிறேன். எதையோ இழந்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்போடு அவற்றைக் கடப்பதால், அவை உங்கள் கணக்கில் சேராமலே போகின்றன.

‘சின்னச் சின்ன விஷயங்கள்’ என்ற அறிவுரை உங்களுக்குச் சமாதானமாகத் தோன்றுவதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் அது பிடிப்பதில்லை. மாலை வெயிலையும் மழைச் சத்தத்தையும் ரசிக்கச் சொல்லிவிட்டு, ஒருவர்மேல் மட்டும் விழும் வீட்டு வேலையைப் பற்றியோ, மதிப்பில்லாமல் நடத்தும் மேலதிகாரியைப் பற்றியோ ஒரு வார்த்தையும் பேசாதிருப்பது நேர்மையான அறிவுரை ஆகாது. மாற்ற வேண்டியவை உங்கள் வாழ்வில் இருந்தால், மனத்தைப் பழக்கிக்கொண்டு அவற்றைப் பொறுத்துப் போகாதீர்கள். வீட்டில் பேசுங்கள், வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள், தேவையென்றால் சண்டையும் போடுங்கள். ‘இவ்வளவுதானா?’ என்ற உங்கள் கேள்விக்குப் பின்னால், என்றோ செய்ய விரும்பிக் கைவிட்ட ஒன்றும் இருக்கலாம். அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அப்படி ஒன்று இருக்குமானால், 43 வயது அதைத் தொடங்கத் தடையே இல்லை. பெரிய காரியமும் நாள்தோறும் நடக்கும் வேலையாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. ஒரு நாவலை எழுதுபவர் காலையில் எழுந்து ஒரு பத்தியைத்தான் திருத்துகிறார், ஓர் ஆய்வாளர் அன்றைய குறிப்புகளைத்தான் சரிபார்க்கிறார். அந்தப் பத்தியில் மனம் நிற்காதவருக்கு நாவல் முடிந்த அன்று கிடைப்பது சில மணி நேரப் பரவசம் மட்டுமே. ஆகவே சாதிப்பவர்களுக்கு ஒரு வகை நிறைவு, மற்றவர்களுக்கு வேறொரு வகை ஆறுதல் என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். முன்பு பிடித்திருந்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, வாரக்கணக்கில் மனம் கனத்தே கிடக்கிறது என்ற நிலை உங்களுக்கு இருக்கிறதா? கடிதத்திலிருந்து என்னால் அதை அறிய முடியவில்லை. இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்கு மருத்துவம் உண்டு, அதனால் குணமடைபவர்கள் ஏராளம். அப்படியானால் நான் மேலே எழுதிய எதையும் இப்போது பொருட்படுத்த வேண்டாம். முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள், போகும்போது கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். எப்போது வேண்டுமானாலும் எழுதுங்கள்.