கடலூரில் ஒரு அளவு, புதுச்சேரியில் வேறு அளவு: எந்த ஸ்பைரோமெட்ரியை நம்புவது?

ஸ்பைரோமெட்ரி என்பது குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை. இரண்டு ரிப்போர்ட் வேறுபட்டால் எண்ணை விடுங்கள், முதலில் ஊதலின் வரைபடத்தைப் பாருங்கள். குறைந்தது 3 சரியான ஊதல்கள் இருக்க வேண்டும். அவற்றில் பெரிய இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிக்குள். ஒரே ஊதலோடு வந்த ரிப்போர்ட் என்றால் மறுபடி எடுக்கக் கேட்கலாம்.

பெரும்பாலும் பிழை ஊதுவதில்தான். மூச்சை முழுக்க இழுக்காதது, தயங்கித் தொடங்குவது, 2 நொடியில் நிறுத்துவது. சீக்கிரம் நிறுத்தினால் எஃப்விசி (ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்று) குறைந்து, அதில் முதல் நொடிக் காற்றின் விகிதம் கூடி, மூச்சுக்குழாயில் இருக்கும் அடைப்பே மறைந்துவிடும். வரைபடத்தில் கோடு சமமாகும்வரை, இல்லையேல் 15 நொடிவரை ஊத வேண்டும். டெக்னீஷியன் "இன்னும், இன்னும்" என்று கத்துவது இதற்காகத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மெஷினைத் தினமும் 3 லிட்டர் சிரிஞ்சால் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். பிழை 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. செருப்போடு உயரம் அளந்திருந்தால் உங்கள் சதவீதம் (உங்கள் உயரத்துக்கு எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டது) குறைவாகத் தெரியும். ஓரிடத்துக்கு மட்டும் சல்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்து) இழுத்துவிட்டுப் போயிருந்தால், இரண்டையும் ஒப்பிடவே முடியாது.