கேள்வி-பதில்: ப்ரொஜெக்டர் ஆம்ப்ளிஃபையரில் கிட்டார் வாசிக்கலாமா?

கேள்வி: பழைய 16 மி.மீ. திரைப்பட ப்ரொஜெக்டரிலிருந்து எடுத்த வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் ஒன்று, ‘கிட்டாருக்கு மாற்றப்பட்டது’ என்ற குறிப்புடன் விற்பனைக்கு வந்திருக்கிறது. புதிய வால்வு ஆம்ப்ளிஃபையரின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்கிறார்கள். விற்பவர் அதில் வாசித்துக் காட்டிய காணொளியையும் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் காணொளியை நம்பி வாங்க வேண்டாம். சேசிஸை, அதாவது உலோக அடிச்சட்டத்தை, தலைகீழாக வைத்து, அடிப்பக்க இணைப்புகள் தெளிவாகத் தெரியும்படி எடுத்த புகைப்படங்களைக் கேளுங்கள். அதைத் தர மறுப்பவரிடம் பேரம் பேசுவதில் பொருளில்லை.

இந்த ஆம்ப்ளிஃபையர்கள் கிட்டாருக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. பெல் அண்ட் ஹவல் நிறுவனத்தின் ஃபில்மோசவுண்ட் போன்ற வகுப்பறை ப்ரொஜெக்டர்கள் பலவற்றில் 6வி6 இன வால்வுகள் இரண்டு சேர்ந்து பத்துப் பதினைந்து வாட் திறன் தருகின்றன. ஃபெண்டர் டீலக்ஸ் வகை கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான். 16 மி.மீ. படச்சுருளின் ஓரத்தில் பதிந்துள்ள ஒலித்தடம் மிக உயர்ந்த அதிர்வெண்களைத் தாங்காது என்பதால் அவற்றை வெட்டியே இவற்றை வடிவமைத்தார்கள். கிட்டார் ஸ்பீக்கரும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் ஒலிப்பதில்லை. ஆகவே இசைத்தட்டு கேட்பவருக்குக் குறையாகப்படுவது கிட்டார் வாசிப்பவரைப் பெரிதாகப் பாதிக்காது.

சிக்கல், அந்த ஒலித்தடத்தைப் படிக்கும் உறுப்புகளில் இருக்கிறது. ப்ரொஜெக்டரில் ஒரு சிறு விளக்கின் ஒளி படச்சுருளை ஊடுருவி ஒளிமின் கலத்தில் விழும். அந்தக் கலம் வேலை செய்ய அதற்கு 90 வோல்ட் அளவில் நேர்மின்னழுத்தம் கொடுத்திருப்பார்கள். அரைகுறையாக மாற்றுபவர்கள் கலத்தைக் கழற்றிவிட்டு, அதே கம்பியில் கிட்டார் ஜாக்கைப் பற்றவைத்துவிடுகிறார்கள். அப்போது அந்த நேர்மின்னழுத்தத்தின் ஒரு பகுதி கிட்டாரின் உள்ளேயே வந்து நிற்கும். ஜாக்கைச் செருகும்போது பலத்த வெடிப்பொலியும், கிட்டாரின் ஒலிக்குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரப்பும் கேட்கும். காணொளியில் விற்பவர் கிட்டாரின் குமிழ்களைத் தொடவே இல்லையென்றால், திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முறையாக மாற்றியவர் அந்த மின்னழுத்தப் பாதையைத் துண்டித்துவிட்டு, முதல் வால்வில் சிக்னல் நுழையும் முனையான கிரிட்டுக்குப் புதிய மின்தடைகள் போட்டிருப்பார்.

மேலே சொன்ன விளக்கை மாறுதிசை மின்சாரத்தில் நேரடியாக எரித்தால் அதன் ஒளித்துடிப்பே இரைச்சலாகக் கேட்கும் என்பதால், பல மாடல்களில் தனி வால்வு ஒன்றைக் கொண்டு, காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் அதை எரியவைத்தார்கள். கிட்டாருக்கு இந்தப் பகுதி தேவையில்லை. அந்த வால்வைப் பிடுங்கிவிட்டால் சுமை குறைந்து மற்ற இடங்களில் மின்னழுத்தம் உயரும்; புதிதாகப் போட்ட மின்தேக்கிகள் அதைத் தாங்கும் தரத்தவைதானா என்று கேளுங்கள்.

இவையெல்லாம் ஒலியின் தரம் பற்றியவை. பாதுகாப்பு அதைவிட முக்கியம்: கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்ளிஃபையரின் சேசிஸோடு நேரடியாக இணைந்திருப்பவை, சேசிஸில் மின்சாரம் ஏறினால் அது உங்கள் விரலுக்கு வந்துவிடும். மூன்று முள் மின்கம்பி போட்டுச் சேசிஸுக்குப் புவி இணைப்புக் கொடுத்திருக்க வேண்டும். ஃப்யூஸ் இருக்க வேண்டும். மின்இணைப்புக் கம்பிக்கும் சேசிஸுக்கும் நடுவே அந்தக் காலத்தில் போட்ட மின்தேக்கியை நீக்கியிருக்க வேண்டும். சில சிறிய கருவிகளில் மின்மாற்றியே இருக்காது. மின்இணைப்பின் ஒரு முனை சேசிஸோடு சேர்ந்தே இருக்கும். 35இசட்5, 50எல்6 போல 35, 50 என்று தொடங்கும் வால்வுகள் இருந்தால் இந்த வகையாக இருக்கலாம் என்று ஐயப்படுங்கள். முதல் எண் வால்வைச் சூடாக்கும் இழையின் வோல்ட்டைக் குறிப்பது, அந்த இழைகளை வரிசையாகக் கோத்து நேரே மின்இணைப்பில் மாட்டியிருப்பார்கள். இந்த வகையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 115 வோல்ட் கருவிகளுக்காக 230 வோல்ட்டை 115 ஆகக் குறைக்கும் சாதாரண ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தைக் குறைக்குமே தவிர, மின்இணைப்பிலிருந்து உங்களைப் பிரித்து வைக்காது.

இவற்றில் பாதிதான் முடிந்திருக்கிறது என்று தெரிந்தால், மீதி வேலைக்கு வால்வுக் கருவிகள் பழகிய ஒருவர் என்ன கூலி கேட்பார் என்று விசாரித்து, அதை விலையோடு கூட்டிப் பாருங்கள். வீட்டிலேயே திறந்து பார்க்கும் எண்ணம் வேண்டாம். ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

கேள்வி: ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்ளிஃபையர் மட்டும் கிடைக்கிறது. கையில் உள்ள 8 ஓம் ஸ்பீக்கரை இணைக்கலாமா?

பதில்: மாடலைப் பொறுத்தது. இவற்றில் பல 16 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டவை. 8 ஓம் போட்டால் வால்வுகளின் சுமை மாறும். வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள அவுட்புட் மின்மாற்றியை அளந்து பார்த்த பிறகே இணைக்க வேண்டும். மிகப் பழைய கருவியானால், ஸ்பீக்கரின் காந்தச் சுருளே மின்வழங்கு சுற்றின் ஓர் உறுப்பாக இருந்திருக்கக்கூடும். ஸ்பீக்கர் பிளக்கில் இரண்டுக்கு மேல் முள் இருந்தால் இதையும் கேளுங்கள். அந்த ஸ்பீக்கர் தொலைந்திருந்தால் ஈடாக வேறொரு சோக் சுருள் தேவைப்படும், அதுவும் செலவுதான். ஸ்பீக்கரே இணைக்காமல் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சிக்னல் கொடுப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அவுட்புட் மின்மாற்றி கருகிவிடக்கூடும்.

கேள்வி: ‘உள்ளே எல்லாம் அசல், ஒன்றையும் மாற்றவில்லை’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். நியாயமா?

பதில்: அருங்காட்சியகத்துக்கு வாங்குவதானால் நியாயம். வால்வுகள் பல பத்தாண்டுகள் நன்றாக இருக்கும். எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளும் காகித மின்தேக்கிகளும் அப்படி நீடிக்காது. அவை அசலாக இருந்தால் அனைத்தையும் மாற்றும் செலவு உங்களுடையது. விலையைக் குறைத்துக் கேட்க அதுவே காரணம். மதிப்புள்ளவை மின்வழங்கு மின்மாற்றி, அவுட்புட் மின்மாற்றி ஆகிய இரண்டும்தான். அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு கருகல் நாற்றமோ தொட முடியாத சூடோ இருந்தால் விட்டுவிடுங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று பொறித்திருந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இன்னும் கூடுதலாகச் சூடாகும்.

கேள்வி: என்னிடம் படம் ஓட்டும் நிலையில் முழு ப்ரொஜெக்டரே இருக்கிறது. ஆம்ப்ளிஃபையருக்காக அதைப் பிரிக்கலாமா?

பதில்: வேண்டாம். ஓடும் ப்ரொஜெக்டரைப் பிரிப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. இயந்திரப் பகுதி பழுதானவையே போதிய அளவு விற்பனைக்கு வருகின்றன. உங்களுடையதில் மைக் அல்லது இசைத்தட்டுக்கான உள்ளீட்டுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள்; பல மாடல்களில் உண்டு. மின்கம்பி, ஃப்யூஸ், மின்தேக்கி வேலைகளை முடித்துக்கொண்டால், எதையும் வெட்டாமல் கிட்டாரை அதிலேயே செருகி வாசிக்கலாம்.