பரங்கிக்காயில் சிக்குக் கோலம்

கேள்வி: நியூஜெர்சியில் புதிதாகக் குடியேறியிருக்கிறோம். அக்டோபரில் எல்லா வாசல்களிலும் பரங்கிக்காய் அலங்காரம். அதிகச் செலவில்லாமல் நாங்களும் செய்ய முடியுமா? – ஒரு வாசகி

பதில்: தாராளமாக, சகோதரி. குடைய மட்டும் வேண்டாம். குடைந்த காய் ஒரு வாரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். முழுக்காய் ஹாலோவீனைத் தாண்டி, நவம்பர் நான்காம் வியாழன் வரும் நன்றி நவிலல் நாள் வரைக்கும் தாங்கும். ஒரே செலவில் இரண்டு பண்டிகை! காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். அது ஒடிந்த இடத்தில்தான் அழுகல் நுழையும். துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தில் சிக்குக் கோலம் போடுங்கள். காயின் வரிப்பள்ளங்களே புள்ளி வரிசைக்கு வழிகாட்டும். ஆரஞ்சுத் தோலில் வெள்ளைக் கோடு அவ்வளவு எடுப்பாக இருக்கும். உறைபனி இரவுகளில் உள்ளே எடுத்து வையுங்கள். சிறிய இனிப்பு ரகம் ஒன்றுக்கு வண்ணம் பூசாதீர்கள்; சாம்பாருக்கு ஆகும்.