ஆதன வரிப் பிணக்கை நடுத்தீர்ப்புக்குக் கொண்டுசெல்லலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் எனக்கு ஒரு மாடி வீடு உண்டு. மாநகர சபையிலிருந்து வந்த அறிவித்தலில் ஆதன வரியைக் கணிக்க அடிப்படையாகும் அதன் ஆண்டுப் பெறுமதி முன்னையதைவிட மிகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது. டெக்சாஸில் வசிக்கும் என் தம்பி தன் வீட்டு வரிப் பிணக்கை நடுத்தீர்ப்பாளரிடம் (நீதிமன்றத்துக்கு வெளியே பிணக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுவான ஒருவரிடம்) கொண்டுபோய்க் குறைத்துக்கொண்டார். நானும் அவ்வாறு கோரலாமா?

பதில்: கோர முடியாது. உங்கள் தம்பி பயன்படுத்தியது அந்த மாநிலத்தின் வரிச் சட்டம் நேரடியாக வழங்கியுள்ள உரிமையாகும். வரிக்கான பெறுமதி பற்றிய ஆட்சேபனைகளை அங்கே விசாரிக்கும் மதிப்பீட்டு மீளாய்வுச் சபையின் கட்டளை கிடைத்த 60 நாட்களுக்குள், வைப்புப் பணம் செலுத்தி, குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அங்கே நடுத்தீர்ப்பைக் கோரலாம். நடுத்தீர்ப்பாளர் நிர்ணயிக்கும் பெறுமதி உரிமையாளர் கூறியதற்கே நெருக்கமாக அமைந்தால், 50 டொலர் கழிக்கப்பட்டு மிகுதி திருப்பித் தரப்படும்.

இலங்கையின் 1995ஆம் ஆண்டு 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டமோ, நடுத்தீர்ப்புக்கு விட இரு தரப்பினரும் உடன்பட்ட பிணக்குகளுக்கே உரியது. ஆதன வரி உடன்படிக்கையால் எழுவதன்று. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் விதிக்கப்படுவது. ஆகவே நடுத்தீர்ப்புக் கோரிக் கடிதம் எழுதி நாட்களைப் போக்காதீர்கள்.

உங்களுக்குரிய வழி அக்கட்டளைச் சட்டத்தின் 235ஆம், 236ஆம் பிரிவுகளில் இருக்கிறது. அறிவித்தல் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்துமூல ஆட்சேபனையை ஒப்படைக்க வேண்டும். அதன்மீது சபை எடுக்கும் தீர்மானம் உங்களுக்கு ஏற்புடையதாக இல்லையெனில், 30 நாட்களுக்குள் உரிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். ஆனால் ஆட்சேபனைக் கடிதத்தில் சொல்லாத காரணத்துக்கு வழக்கில் சான்று அளிக்க அனுமதி இல்லை. கடிதத்தை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு, மிகுதியைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார் என்றிருப்பவர்கள் இடறுவது இங்கேதான்.

"வரி அதிகம், கட்ட இயலாது" என்பது ஆட்சேபனை ஆகாது. ஆண்டுப் பெறுமதி என்பது, வரிகளை வாடகைக்காரரும் திருத்தச் செலவுகளை உரிமையாளரும் ஏற்பதாகக் கொண்டு, அந்த வீட்டுக்கு ஓராண்டில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாடகை. எனவே வாதம் முழுவதும் வாடகையைச் சுற்றியே அமைய வேண்டும். பிரதான சாலையான காலி வீதியை நோக்கிய வீட்டுக்குக் கிடைக்கும் வாடகை, வாகனம் நுழையாத ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குக் கிடைக்காது. மழைக்குக் கால்வாய் நீர் முற்றத்துக்கு வருமானால் இன்னும் குறையும். குடியிருப்பாக உள்ள மேல்மாடி வணிக இடமாகப் பதியப்பட்டிருக்கிறதா, தரைப் பரப்பளவு சரியா என்று அறிவித்தலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே ஒழுங்கையில் உள்ள இரண்டு மூன்று வீடுகளின் வாடகை ஒப்பந்தப் பிரதிகளைப் பெற முடிந்தால், பக்கம் பக்கமாக எழுதும் முறையீட்டைவிட அவை வலுவானவை. பெறுமதி வேறுபாடு பெரிதாயின், தகைமை பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் இணையுங்கள். சிறிய வேறுபாட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. கடிதத்தை நகர மண்டபத்தில் நேரில் ஒப்படைத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

பிணக்கு முடியும்வரை வரியைக் கட்டாமல் நிறுத்துவது நல்லதல்ல. நிலுவை சேர்ந்தால், அதை அறவிடப் பிறப்பிக்கப்படும் பிடியாணையின் செலவும் சேரும். ஆதனத்தைக் கைப்பற்றும் நடவடிக்கை வரை அது போகலாம். ஆட்சேபனைக்குப் பாதகமின்றிச் செலுத்துவதாக எழுதிக் கொடுத்துக் காலாண்டுத் தொகையைக் கட்டிவிடுங்கள். முழு ஆண்டுத் தொகையையும் ஜனவரி 31க்குள் செலுத்துவோருக்குச் சபை வழங்கும் 10 சதவீதக் கழிவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.