ஆறாவது வரியில் பென்சில் எழுத்து

சென்ற மாதம் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு தம்பதியர், பள்ளியின் கடைசி ஆண்டான மெட்ரிக் படிக்கும் மகளோடு, அடுத்து என்ன படிப்பது என்று ஆலோசனை கேட்க என்னிடம் வந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் படிவத்தில் ஆறு விருப்பங்கள் வரை குறிப்பிடலாம். அந்த ஆறையும் அவர்கள் ஒரு தாளில் எழுதி வந்திருந்தார்கள். மருத்துவம், பார்மசி, பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி, நர்சிங் என்று முதல் ஐந்து வரிகள் தந்தையின் நீல மையில் இருந்தன. ஆறாவது வரியில் மட்டும் மகள் பென்சிலால் ‘சமூக அறிவியல், உளவியலோடு’ என்று எழுதியிருந்தாள்.

தாய் அழுதார். மகளுக்கு பௌதிகத்தில் மதிப்பெண் இறங்கிவிட்டது. இங்கே இடம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்பலாம், வீட்டை அடமானம் வைத்தால் போதும் என்று மாமா சொல்லிவிட்டார். முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். அடமானப் பேச்சு வந்ததும் ஆறுதலை நிறுத்திக்கொண்டேன்.

அம்மா, அந்த வீட்டின் மேல் கடன் வாங்காதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புகிறவர் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தின் தேர்வில் தேற வேண்டும். பிறகு 2 ஆண்டு பயிற்சி மருத்துவராகவும் 1 ஆண்டு சமூக சேவையிலும் இருக்க வேண்டும். அதற்கான இடம் ஒதுக்கப்படும்வரை காத்திருக்கவும் வேண்டும். இங்கேயே படித்து எல்லாம் முடித்த மருத்துவர்கள்கூட அரசுப் பணியிடம் இல்லாமல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2025ஆம் ஆண்டில் 1,200 மருத்துவர்களை எடுப்பதாகச் சுகாதார அமைச்சர் தனியாக அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. மருத்துவம் கெட்ட படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதை விரும்பாத பிள்ளைக்காக, பௌதிகத்தில் திணறும் பிள்ளைக்காக, குடியிருக்கும் வீட்டைப் பணயம் வைப்பது கெட்ட கணக்கு. கணக்காளர், ஆசிரியர், பொறியாளர் வழிகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஆளுக்கொரு அத்தை, சித்தப்பா அவற்றில் இருப்பார்கள், அவர்களே சொல்வார்கள்.

ஏன் உளவியல் என்று மகளைக் கேட்டேன். அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ‘சுகர்ஸ்’ பழக்கத்தில் விழுந்தவன். சாட்ஸ்வர்த்தில் அந்த மலிவான ஹெராயின் கலவையைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்று முறை அவனை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அவள் கேட்டது இதுதான்: “மூன்று தடவையும் எல்லாரும் அண்ணனைப் பற்றித்தான் கேட்டார்கள். ஏழு வயதுத் தங்கையை ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. அவளைக் கேட்பது யாருடைய வேலை?”

இந்தக் கேள்விக்கு மருத்துவமனையில் விடை கிடைக்காது. போதை மறுவாழ்வு மையங்கள் 2008ஆம் ஆண்டின் 70ஆம் எண் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறையின் கீழ் வருகின்றன. மனநலப் பராமரிப்பு 2002ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டப்படி சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. அந்தச் சிறுமி நாள்தோறும் போய் உட்காரும் வகுப்பறையோ கல்வித் துறையிடம் இருக்கிறது. மூன்று துறைகளின் கோப்புகளுக்கு நடுவே விழுந்துவிடும் குழந்தையை எண்ணிக்கையில் கொண்டுவந்து, அவளுக்கு எது உதவும் என்று சோதித்துப் பார்த்து, அதைச் சட்டமாகவும் நிதி ஒதுக்கீடாகவும் மாற்றும்படி வாதிடுவதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. குழந்தைகள், குடும்பங்கள் ஆகியோரின் மனநலம், நடத்தை பற்றிய கொள்கை ஆய்வு என்று அதைச் சொல்லலாம். நம் வீடுகளில் அதன் பெயரே அடிபடுவதில்லை.

தந்தை, “ஆராய்ச்சி செய்து யாருக்கு என்ன கிடைத்தது?” என்று கேட்டார். அவருக்கு டர்பனிலிருந்தே ஒரு பதில் சொன்னேன். இங்கிருந்த நட்டால் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் பிரான்சி லண்ட் தலைமையில் 1995ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு குழு அமைந்தது. அதுவரை அரசு தந்துவந்த பராமரிப்பு மானியம் இந்திய, கலப்பினத் தாய்மார்களுக்கு ஓரளவு கிடைத்தது. கறுப்பினக் குழந்தைகளுக்கோ ஏறக்குறைய எட்டவேயில்லை. குழுவின் பரிந்துரையால் 1998ஆம் ஆண்டு ஏப்ரலில் குழந்தை ஆதரவு மானியம், ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கு மாதம் 100 ராண்ட் என்று தொடங்கியது. பழைய மானியம் படிப்படியாக நின்றபோது நம் தெருக்களிலும் பல தாய்மார்கள் வருமானத்தை இழந்தார்கள். அந்த மனக்குறை இன்னும் சிலரிடம் உண்டு, அது நியாயமற்றதும் அல்ல. ஆனால் இன்று அந்தப் புதிய மானியம் 1.3 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சென்றடைகிறது. எந்த மருத்துவர் தம் வாழ்நாளில் அத்தனை குழந்தைகளைப் பார்த்துவிட முடியும்?

இன்னொன்றும் சொன்னேன். கிழக்கு கேப் மாகாணத்தில் 40 ஊர்ப்பகுதிகளைச் சேர்ந்த 552 குடும்பங்களைக் கொண்டு, பெற்றோரையும் பதின்ம வயதுப் பிள்ளைகளையும் வாரம் ஒருமுறையாக 14 அமர்வுகளுக்குச் சேர்த்து உட்காரவைக்கும் ‘சினோவுயோ டீன்’ திட்டத்தைச் சோதித்தார்கள். குடும்பங்களை ஊர் ஊராகக் குலுக்கல் முறையில் பிரித்து, திட்டம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். திட்டம் கிடைத்த வீடுகளில் அடியும் வசையும் குறைவாக இருந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள்; பிள்ளைகள் சொன்னதில் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. போதைப் பழக்கமும் குறைந்திருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது என்று மகள் உடனே கேட்டாள். இந்த வேலைக்கு வேண்டிய முதல் குணம் அதுதான்.

வழி நீளமானது, அதை மறைக்கவில்லை. 3 ஆண்டு இளங்கலை, 1 ஆண்டு ஹானர்ஸ், அதன் பிறகு முதுகலை. இளங்கலையில் உளவியலோடு புள்ளியியலோ பொருளியலோ சேர்ந்திருக்க வேண்டும். கட்டுரை மட்டும் எழுதத் தெரிந்த உளவியல் பட்டதாரிகள் ஏராளம். பள்ளியில் அவள் கணித எழுத்தறிவு என்ற எளிய பாடத்துக்கு மாறாமல் கணிதத்திலேயே நின்றது நல்லது. வீட்டார் வீண் என்று நினைத்த ஜூலு மொழிப் பாடம் அதைவிட நல்லது. ஏனென்றால் முதல் இரண்டு ஆண்டு வேலை பெரும்பாலும் வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான். பெற்றோரிடம் கையொப்பம் வாங்குவது ஒருபுறம். குழந்தையிடமும் அவளுக்குப் புரியும் சொற்களில் சம்மதம் கேட்க வேண்டும், அவள் மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். ‘கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் கெட்டது?’ என்ற ஒரு கேள்வியை, எதிரில் இருப்பவர் முகம் சுளிக்காதபடி ஜூலுவில் சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

இந்த வேலையை இப்போதே பழகிப் பார்க்கலாம். ஏறத்தாழ 28,000 பேரிடம் தொடங்கி, 2008 முதல் 2017 வரை 5 சுற்றுகளாக அவர்களையே திரும்பத் திரும்பக் கேட்ட தேசிய வருமான இயக்க ஆய்வின் தரவு, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் டேட்டாஃபர்ஸ்ட் தளத்தில் பதிவு செய்துகொண்டால் இலவசம். தூக்கத்தைப் பற்றிய கேள்வி அதிலேயே இருக்கிறது. மனச்சோர்வு மிகுந்த தாயின் பிள்ளை பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை என்று அவள் ஒரு விடுமுறையில் தேடிப் பார்க்கட்டும். மூன்றாம் நாளே அலுத்துவிட்டால் அதுவும் பயனுள்ள செய்தி. என்னிடம் வந்து சொல்லலாம்.

பணத்தைப் பற்றித் தெளிவாக இருங்கள். உங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டைத் தாண்டுவதால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவித் திட்டத்தின் உதவித்தொகை கிடைக்காது, இளங்கலைச் செலவு உங்களுடையது. வீட்டிலிருந்தே குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹவர்ட் காலேஜ் வளாகத்துக்குப் போய்வந்தால் விடுதிச் செலவு மிஞ்சும். ஹானர்ஸிலிருந்து தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு: ஹானர்ஸுக்கு 28, முதுகலைக்கு 30, முனைவர் பட்டத்துக்கு 32. மருத்துவ இடத்துக்காக ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தால் கரைவது இந்த வயதுதான். முதுகலையிலும் முனைவர் பட்டத்திலும் இருப்பவர்களை மனித அறிவியல் ஆராய்ச்சி மன்றம் பயிற்சி ஆய்வாளர்களாக எடுத்துக்கொள்வதுண்டு.

இந்த வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை. 2025இல் அமெரிக்க நிதி வெட்டப்பட்டபோது நம் நாட்டில் பல ஆய்வுக் குழுக்கள் கலைந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் தரவைக் கையாளத் தெரிந்தவர் மாகாண அரசிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ இடம் தேடிக்கொள்ளலாம். அதனால்தான் புள்ளியியலில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

புறப்படும்போது தந்தை, கோயிலில் யாராவது கேட்டால் மகள் என்ன ஆகப்போகிறாள் என்று சொல்வது எனக் கேட்டார். பட்டப்பெயர் வேண்டுமென்றால், முதுகலையும் 12 மாதப் பயிற்சியும் முடித்து சுகாதாரத் தொழில்கள் மன்றத்திலேயே ‘ஆய்வு உளவியலாளர்’ என்று பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. அதற்கு இன்னும் பல ஆண்டுகள் உள்ளன, அதுவரை ‘படித்துக்கொண்டிருக்கிறாள்’ என்று சொல்லுங்கள் என்றேன். மகள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, ஆறாவது வரியில் இருந்ததை முதல் வரிக்கு மேலே பேனாவால் எழுதினாள். தந்தை பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.