14 மி.மீ. கட்டி ஒரு வருஷத்துல 15 ஆயிடுச்சு, எடுத்துடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயசு. போன வருஷம் தைராய்டுல 14 மி.மீ. கட்டி இருக்குன்னு ஊசி டெஸ்ட் எடுத்தாங்க, ரிசல்ட் பெதஸ்டா 2-ங்கற கிரேடு, அதாவது கேன்சர் இல்லாத சாதாக் கட்டின்னு வந்துச்சு. தைராய்டு ரத்த டெஸ்ட் டிஎஸ்எச் நார்மல், மாத்திரை தரல. இப்ப ஸ்கேன்ல 15 மி.மீ. சும்மா விட்டதால வளருதா? ஆபரேஷன் பண்ணிடலாமா?

பதில்: வேணாம்மா. இது வளர்ச்சியே இல்ல. ஸ்கேன் எடுக்கறவங்க கை கொஞ்சம் சாஞ்சாலே ஒரு மி.மீ. மாறும். நீளம், அகலம், கனம்னு எடுக்கற அளவுல குறைஞ்சது ரெண்டாவது 20 சதவீதம் கூடி, அதுவும் 2 மி.மீ.க்குக் குறையாம இருந்தாதான் வளர்ந்துருக்குன்னு நாங்க எடுத்துக்குவோம், அதாவது உங்க 14 கிட்டத்தட்ட 17 ஆகி இன்னொரு அளவும் அதே கணக்குல கூடியிருக்கணும்.

இத்தாலில இந்த மாதிரி சாதாக் கட்டி இருந்த 992 பேரை மருந்து எதுவும் தராம அஞ்சு வருஷம் ஸ்கேன் மட்டும் பண்ணிப் பாத்தாங்க, 2015ல வெளிவந்துச்சு. சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான் கட்டி வளர்ந்துச்சு, அதுவும் அஞ்சு வருஷத்துல சராசரியா 5 மி.மீ., ஆனா 18 சதவீதம் பேருக்கு தானாவே சுருங்கிடுச்சு, மத்தவங்களுக்கு அப்படியே கெடந்துச்சு. மொத்தம் 1567 கட்டில கேன்சர்னு வந்தது அஞ்சே அஞ்சு, அந்த அஞ்சுல வளர்ந்தது ரெண்டுதான். அதனாலதான் சொல்றேன், அளவை மட்டும் பாத்துப் பயப்படாதீங்க, ஓரம் ஒழுங்கில்லாம இருக்கா, கருப்பாத் தெரியுதா, உள்ள பொடிப்பொடியா சுண்ணாம்புப் புள்ளி இருக்கான்னு ரிப்போர்ட்ல போட்டுருப்பாங்க, அதுதான் முக்கியம்.

மாத்திரை தராததும் சரிதான். கட்டிய சுருக்க தைராக்சின்ங்கற தைராய்டு ஹார்மோன் மாத்திரை குடுக்கற வழக்கம் முன்னாடி இருந்துச்சு, பலன் கம்மி, படபடப்பும் எலும்பு தேய்மானமும்தான் மிச்சம். ஆபரேஷன்லயும் குரல் நரம்பு அடிபடலாம், ஆயுசு முழுக்க மாத்திரை தேவைப்படலாம், 15 மி.மீ. சாதாக் கட்டிக்கு அது எதுக்கும்மா?

நீர் கோத்த கட்டின்னா ஒருநாள் திடீர்னு வலிச்சு வீங்கலாம், உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும், பெரும்பாலும் சில வாரத்துல வத்திடும், ஆனாலும் டாக்டர்ட்ட காட்டிடுங்க. குரல் கம்மிப் போய் சரியாகாம இருந்தாலோ, முழுங்க, மூச்சுவிட கஷ்டமா இருந்தாலோ, கழுத்துல நெறி கட்டினாலோ காத்திருக்காதீங்க.

அப்படி எதுவும் இல்லன்னா அடுத்த ஸ்கேன் ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சுப் போதும். முடிஞ்சா அதே சென்டர்லயே எடுங்க, பழைய ரிப்போர்ட்டையும் கையோட கொண்டு போங்க.