மஞ்சள் நோட்டீஸ் விடுவதற்கு முன்: வாசகர் கேள்விகள், வக்கீலின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடன் சமாச்சாரம்தான். தறி நின்றுபோனது, சீட்டை எடுத்துக் கடையில் போட்ட பணம் திரும்பாதது, கிரெடிட் கார்டில் மினிமம் மட்டும் கட்டியே மூன்று வருஷம் ஓடிவிட்டது என்று கதைகள் வேறுவேறு. எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: ஐ.பி. (இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் திவால் மனு; ஊர்ப் பேச்சில் மஞ்சள் நோட்டீஸ்) போடலாமா? வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கொஞ்சம் கடன் ஆகிவிட்டது. ஐ.பி. போடலாமா? உடனே பதில் வேண்டும்.
(ஊர், பெயர் எழுதாத வாசகர்)

கொஞ்சம் என்றால் எவ்வளவு? யாரிடம் வாங்கியது? வீடு, நிலம் ஏதாவது இருக்கிறதா? எதையும் எழுதாமல் உடனே பதில் என்றால் நான் கிளி ஜோசியம்தான் சொல்ல வேண்டும். ஒரு நோட்டு வாங்குங்கள். யாருக்கு, எவ்வளவு, எதை ஈடு வைத்து, யார் ஜாமீன் என்று நாலு பத்தி போட்டு எழுதுங்கள். மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றும் அதில் வரவேண்டும், பால்காரர் பாக்கியும் வரவேண்டும். மனுவோடு கோர்ட் கேட்கப்போவதே இந்தப் பட்டியலைத்தான். எழுதி முடித்த பிறகு, இருக்கிற ஒரு மனையை விற்றால் முக்கால்வாசி தீர்ந்துவிடும் என்று தெரிந்தால் ஐ.பி. பேச்சையே விட்டுவிடுங்கள். பட்டியல் இல்லாமல் எந்த வக்கீல் ஆபீஸ் படியும் ஏறாதீர்கள்.

குறைந்தது எவ்வளவு கடன் இருந்தால் மனு போட முடியும்?
(வாசகர், திருப்பூர்)

500 ரூபாய். சிரிக்காதீர்கள், மாவட்டங்களுக்கான திவால் சட்டம் 1920-இல் போட்டது, தொகையை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. தொகை பெரிய விஷயமில்லை. கட்ட முடியாத நிலை என்பதைக் காட்டுவதுதான் வேலை.

2016-இல் புதிய திவால் சட்டம் வந்துவிட்டதே, இன்னும் பழைய சட்டத்தையே பேசுகிறீர்களே?
(வாசகர், வேளச்சேரி)

நல்ல கேள்வி. 2016 சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பாகம் இருப்பது உண்மை. வருஷ வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்குள் இருக்கும் ஏழைகளுக்குக் கடனையே துடைத்துவிடும் ஒரு வழிகூட அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பாகத்தை, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். உங்களுக்கும் எனக்கும் அது இன்னும் ஏட்டுச் சுரைக்காய். நீங்கள் சென்னை என்பதால் 1909-ஆம் வருஷச் சட்டம், உயர் நீதிமன்றம், அஃபிஷியல் அசைனி (கடனாளியின் சொத்தைப் பொறுப்பேற்கும் கோர்ட் அதிகாரி). மற்ற மாவட்டக்காரர்களுக்கு 1920 சட்டம், அந்தந்த ஊர் கோர்ட், அஃபிஷியல் ரிசீவர் (அவருக்கும் அதே வேலைதான்). உங்கள் கம்பெனி வாங்கிய கடனுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அதற்குத் தனியாக எழுதுங்கள்.

கடன் 40 லட்சம் தாண்டிவிட்டது. வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டு மஞ்சள் நோட்டீஸ் விட்டால் வீடு தப்பும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். சரிதானா?
(வாசகர், பவானி)

இதே கேள்வியை இந்த மாதம் மட்டும் ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டீக்கடைக்காரருக்கு ஃபீஸ் இல்லை, அதனால் அவர் சொல்வது இனிக்கிறது.

சட்டம் சொல்வது இது. பத்திரம் எழுதிய தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் ஐ.பி. மனு தாக்கலாகி அதில் நீங்கள் இன்சால்வென்ட் (திவாலானவர்) என்று அறிவிக்கப்பட்டால், நியாயமான விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு எழுதியதைத் தவிர மற்ற பத்திரங்களை ரிசீவர் ரத்து செய்ய வைக்கலாம். மனைவிக்கு அன்பின் பேரில் எழுதிக்கொடுத்தது விலை ஆகாது. "அப்போ இரண்டு வருஷம் பொறுத்துப் போடுகிறேன்" என்பார்கள் அடுத்து. கடன் கொடுத்தவர்கள் அதுவரை தூங்கிக்கொண்டிருப்பார்களா? அவர்களுக்கு டிமிக்கி கொடுக்கச் சொத்தை மாற்றி எழுதுவதே ஒரு நொடிப்புச் செயல், அதாவது ஆள் திவால் என்று காட்டுவதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் காரியம். அது நடந்து மூன்று மாதத்துக்குள் அவர்களே உங்கள்மேல் மனு போடலாம். அப்புறம், இரண்டு வருஷம் தாண்டினாலும் மோசடிப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கச் சொத்து மாற்றுச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது.

இதோடு முடியவில்லை. சொத்தை மறைத்ததாகத் தெரிந்தால் ஒரு வருஷம்வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. டிஸ்சார்ஜ் (கடனிலிருந்து விடுவிக்கும் கோர்ட் ஆணை) கேட்டுப் போகும் நாளில் அந்தப் பத்திரம் உங்கள் முகத்துக்கு நேரே நீட்டப்படும். வீட்டையும் காப்பாற்றாமல், கடனிலிருந்தும் விடுபடாமல் நடுவில் தொங்குவீர்கள்.

என்னிடம் வந்த ஒருவர் விசைத்தறி வைத்திருந்தவர். வருவதற்கு எட்டு மாதம் முன்பே குடோனை மைத்துனர் பெயருக்குக் கிரயம் செய்திருந்தார். 12 லட்சம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று பத்திரத்தில் இருந்தது. விசாரணையில் ரிசீவர் தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த 12 லட்சம் எங்கே?" பாங்கில் போடவில்லை, யாருக்கும் கடன் அடைக்கவில்லை, வீட்டிலும் இல்லை. மனிதர் கூண்டில் நின்று மேற்கூரையைப் பார்த்தார். பத்திரம் ரத்து. அதைவிடக் கொடுமை, மைத்துனர் அதற்குள் குடோனை அடமானம் வைத்துத் தன் சொந்தக் கடனுக்குப் பணம் வாங்கியிருந்தார். அக்கா வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் பேச்சு நின்றது. இன்றுவரை நல்லது கெட்டதுக்குக்கூடப் போவதில்லை.

சொந்தக்காரர் ஒருவருக்கு மட்டும் முழுக்கடனையும் தீர்த்துவிட்டு மற்றவர்களுக்குக் கைவிரிப்பதும் இதே ரகம்தான். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள், அவரைச் சலுகையாக நடத்த வேண்டும் என்றே கொடுத்திருந்தால், அந்தப் பணத்தையும் திரும்பக் கேட்பார்கள். ஐ.பி. என்பது இருப்பதையெல்லாம் கோர்ட் மேஜையில் கொட்டிவிட்டு, இவ்வளவுதான் ஐயா என்று கைகட்டி நிற்பது. கொட்ட மனசில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது. பவானி வாசகரே, பத்திரம் இன்னும் எழுதவில்லை என்றால் எழுதாதீர்கள். எழுதிவிட்டீர்கள் என்றால் முதலில் அதை உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

நான் கொடுத்த செக் இரண்டு திரும்பிவிட்டன. ஐ.பி. போட்டால் செக் கேஸ் நின்றுவிடுமா?
(வாசகர், சிவகாசி)

நிற்காது. அது கிரிமினல் வழக்கு. இரண்டு வருஷம்வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்குவரை அபராதம். நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளுக்குள் பணம் கொடுத்தால் வழக்கே வராது. அந்த 15 நாளை வீணாக்கிவிட்டுக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது?

நண்பர் ஐ.பி. ஆகிவிட்டார். நான் அவருக்கு ஜாமீன். எனக்கும் விடுதலைதானே?
(வாசகர், நாமக்கல்)

இல்லை. அவருக்கு டிஸ்சார்ஜே கிடைத்தாலும் ஜாமீன்தாரரை அது விடுவிக்காது. நீங்கள் கட்ட வேண்டியதுதான். கட்டினால் நீங்களும் அவருக்குக் கடன் கொடுத்தவர் ஆகிவிடுகிறீர்கள், ரிசீவரிடம் உங்கள் பாக்கியைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சம்பளம் 40,000. கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டில் டிகிரி (பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை) வாங்கிவிட்டார்கள். முழுச் சம்பளத்தையும் பிடித்துவிடுவார்களா? பி.எஃப். பணத்தை எடுத்து வட்டியாவது கட்டட்டுமா?
(வாசகி, கரூர்)

முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. உங்கள் கணக்கில் மாதம் சுமார் 13,000 பிடிக்கலாம். ஒரே டிகிரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால் அதே டிகிரிக்கு அதற்குமேல் சம்பளத்தில் கைவைக்க முடியாது. பணம் கட்டவில்லை என்ற டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவும் சட்டத்தில் இடமில்லை. யாராவது அப்படி மிரட்டினால் எழுத்தில் கேளுங்கள், பின்வாங்கிவிடுவார்கள்.

பி.எஃப். விஷயம்தான் வயிற்றைக் கலக்குகிறது. அது ஜப்தி செய்ய முடியாத பணம். கிராஜுவிட்டியும் அப்படியே. கழுத்தில் இருக்கும் தாலியும் அப்படியே. கடன்காரர் எவரும் தொட முடியாத பணத்தை நீங்களாகவே வெளியே எடுத்து, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாத வட்டிக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதா? தயவுசெய்து வேண்டாம். நீங்கள் அரசு ஊழியராக இருந்தால், ஐ.பி.க்குப் போகுமுன் நடத்தை விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள். துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

ஐ.பி. போட்டால் வீட்டுக் கடனும் நகைக் கடனும் போய்விடுமா?
(வாசகர், ஆத்தூர்)

போகாது. ஈடு வைத்த பொருள் ஈடு பிடித்தவர் கையில். நகை ஏலம் போகும். வீட்டுக்கு பாங்க் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துத் தன் வழியில் போகும். விற்றும் பாக்கி நின்றால் அந்தப் பாக்கி மட்டும் உங்கள் பட்டியலில் சேரும். பட்டியல் எழுதச் சொன்னேனே, அதில் ஈடு என்று ஒரு பத்தி எதற்கு என்று இப்போது புரிகிறதா?

வசூலுக்கு வருபவர் ராத்திரி ஒன்பது மணிக்குத் திண்ணையில் வந்து உட்காருகிறார். மகளிர் குழுக் கடன்.
(வாசகி, விழுப்புரம்)

பாங்க், நிதி நிறுவன வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது ரிசர்வ் பாங்க் விதி. குழுக் கடன் போன்ற சிறுகடன்களுக்கு இன்னும் கறார், காலை 9 முதல் மாலை 6 வரைதான். வந்த தேதி, நேரம் குறித்து நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்க் ஓம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆசாமி என்றால் 2003 சட்டப்படி நேரே போலீஸ். கையில் வக்கீல் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு.

அப்பா 18 லட்சம் கடனோடு இறந்துவிட்டார். சொத்து எதுவும் இல்லை. நான் ஐ.பி. கொடுக்க வேண்டுமா?
(வாசகர், தேனி)

எதற்கு? அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. ஒன்றும் விடவில்லை என்றால் ஒன்றும் இல்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பதினாறாம் நாள் காரியத்தில் உணர்ச்சிவசப்பட்டு எதிலும் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஐந்து வருஷம் முன்பு எழுதிய புரோநோட்டு. இதுவரை ஒரு பைசா கட்டவில்லை. இப்போது புதுசாக எழுதித் தந்தால் கேஸ் போடமாட்டேன் என்கிறார்.
(வாசகர், தர்மபுரி)

நல்ல மனிதர் போலத்தான் தெரியும். நோட்டு எழுதி மூன்று வருஷம் தாண்டிவிட்டது, நடுவில் எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் இல்லை, பணம் கட்டவும் இல்லை என்றால் பழைய நோட்டு காலாவதி. அதில் கேஸ் போட்டு ஜெயிக்க முடியாது என்று தெரிந்துதான் புதுசு கேட்கிறார். புது நோட்டு எழுதினால் செத்த கடனுக்கு உயிர் வந்துவிடும், அது சட்டப்படி செல்லும். கொடுக்க வேண்டும் என்று மனசாட்சி சொன்னால் பணமாகக் கொடுங்கள், கையெழுத்தாகக் கொடுக்காதீர்கள்.

ஆறு வருஷம் முன்பே கோர்ட் என்னை இன்சால்வென்ட் என்று அறிவித்துவிட்டது. இப்போது அம்மா வழியில் ஒரு ஏக்கர் பாகம் வருகிறது. அது எனக்குத்தானே?
(வாசகர், பெருந்துறை)

டிஸ்சார்ஜ் வாங்கினீர்களா? அதை எழுதவே இல்லை. பாதிப்பேர் அறிவிப்பு ஆணையை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அது ஆரம்பம்தான். கோர்ட் குறித்த கெடுவுக்குள் டிஸ்சார்ஜ் மனு போட வேண்டும். போடாவிட்டால் அறிவிப்பையே ரத்து செய்துவிடலாம், பழையபடி எல்லாரும் வாசலுக்கு வருவார்கள். ரத்தாகாமல் நிற்கிறது என்றால், டிஸ்சார்ஜுக்கு முன் உங்களுக்கு வரும் சொத்தும் ரிசீவர் பக்கம்தான் போகும், அந்த ஏக்கர் உட்பட. கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போய் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆகாதவர் எம்.எல்.ஏ., எம்.பி. ஆக முடியாது, கம்பெனி டைரக்டராக இருக்க முடியாது. விஷயத்தைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவதும் குற்றம். பால் பாக்கியே அதைத் தாண்டிவிடும்!

அடுத்த தையில் மகள் கல்யாணம். அதை முடித்துவிட்டு மனு போடலாம் என்று இருக்கிறேன். மண்டபம் மட்டும் நாலு லட்சம்.
(வாசகர், மதுரை)

கடன் கட்ட முடியவில்லை என்று மனுப் போடப்போகிறவர் மண்டபத்துக்கு நாலு லட்சமா? ஆடம்பரச் செலவால் நொடித்தவருக்கு முழு டிஸ்சார்ஜ் மறுக்கலாம். ஈடில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணாவாவது தேறவில்லை என்றாலும் அது உங்கள் தப்பால் ஆகவில்லை என்று காட்ட வேண்டும். ஆமாம், சட்டத்தில் இன்னும் அணாதான். கல்யாண ஆல்பத்தையே எதிர்த்தரப்பு சாட்சியமாகக் கொண்டுவந்ததை நான் பார்த்திருக்கிறேன். கோயிலில் தாலி கட்டி, வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடத்துங்கள். செலவுக்கு பில் வைத்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டையும் பத்திரமாக வையுங்கள், ரிசீவர் அதையும் கேட்பார்.